வெளிச்சம் போடும் இரைச்சல்

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் திகதியை இந்நாட்டவர் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். அன்று 13 மணித்தியால மின்வெட்டு. இரவு மிரிஹானையில் மக்கள் திரண்டார்கள். அதன் பின்னர் நடந்தவை யாவும் வரலாறாகிவிட்டன. அதே இரவில் எனக்கு நேர்ந்தது அவற்றோடு ஒப்பிட முடியாத மிகச் சிறிய விடயம். ஆனால் நான்கு ஆண்டுகளாக அது என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே இங்கே எழுதி வைக்கின்றேன்.

திருகோணமலையில், உட்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதன் இரண்டாம் மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து எனது எழுத்து வேலைகளைச் செய்து வருகின்றேன். மேசையின் ஓரத்தில் ஒரு பழைய ட்ரான்சிஸ்டர் வானொலி இருக்கும். இரவு செய்திக் குறிப்புகளை எழுதி முடித்த பின் மத்திய அலையில் தூத்துக்குடியையோ திருச்சியையோ பிடித்துக் கேட்பது என் நெடுநாள் வழக்கம். அந்த வானொலி கட்டடத்திற்குப் புதிய விளக்குகள் பூட்டப்பட்ட 2021 இலிருந்து ஏறக்குறைய ஊமையாகியிருந்தது. ஊமை என்பதும் சரியல்ல. போத்தலுக்குள் அடைபட்ட வண்டைப் போல் ஓயாமல் ரீங்கரித்துக் கொண்டிருந்தது. எங்கே திருப்பினாலும் அதே வண்டு. திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் தனது கடையில் வைத்துத் திருகிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில ஒரு பிழையுமில்லை" என்று காசு வாங்காமல் திருப்பித் தந்தார். வானொலிக்கும் எனக்கும் வயதாகிவிட்டது என்று எண்ணி அதை அலுமாரியில் வைத்துவிட்டேன்.

அந்த மார்ச் இரவில், இருட்டில் செய்வதற்கு வேறொன்றுமில்லாததால் அதை எடுத்து இரண்டு பற்றரிகளைப் போட்டேன். 1053 இல் தூத்துக்குடி, பக்கத்து வீட்டில் பேசுவது போல் ஒலித்தது. ஒரு கீறல் இல்லை. 936 இல் திருச்சி. இடையிடையே பெயர் தெரியாத இந்திய நிலையங்கள். எனது பதினைந்தாவது வயது திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஓர் உணர்வு. பின்னர் மின்சாரம் வந்தது. மாடிப்படி விளக்குகள் பளீரென்று எரிந்தன. அதே கணத்தில் வண்டும் வந்து சேர்ந்தது.

நான் கலைப் பட்டதாரி. பௌதிகம் எனக்குச் சாதாரண தரத்தோடு முடிந்துபோன உறவு. ஆனாலும் இரண்டும் இரண்டும் நான்கு என்பது அந்தக் கணத்தில் எனக்கும் விளங்கியது.

மேலே செல்வதற்கு முன், திருகோணமலைக்கும் வானொலிக்கும் உள்ள தொடர்பை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சில வரிகள். இலங்கையில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925 டிசம்பர் 16 இல், கொழும்பில். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே முதற் பரிசோதனை ஒலிபரப்புக் கருவி அமைக்கப்பட்டதாகச் சொல்வார்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின் அதே ஜெர்மனியர், இம்முறை விருந்தாளிகளாக, திருகோணமலைக்கு வந்தார்கள். ஜெர்மன் வானொலியான டொச்ச வெலவின் அஞ்சல் நிலையம் இங்கே 1984 இல் இயங்கத் தொடங்கிற்று. ஆசியாவுக்கான சிற்றலை ஒலிபரப்புகள் இந்த மண்ணிலிருந்து போயின. 2013 இல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது.

அந்த அலைக்கம்பங்கள் இந்திய - இலங்கை உறவில் எவ்வளவு பெரிய விவகாரமாக இருந்தன என்பது இன்று பலருக்குத் தெரியாது. 1987 ஜூலை 29 இல் ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களைத் தேடி வாசித்துப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகம் பற்றியும் எண்ணெய்த் தாங்கிகள் பற்றியும் சொல்லப்பட்ட அதே மூச்சில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களோடு இலங்கை செய்துகொண்ட உடன்படிக்கைகள் மீளாய்வு செய்யப்படும் என்றும், அவ்வசதிகள் இராணுவ, புலனாய்வு நோக்கங்களுக்குப் பயன்படாமல் பொதுசன ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படுவது உறுதிசெய்யப்படும் என்றும் எழுதப்பட்டிருக்கின்றது. ஓர் அலைக்கம்பம் எதை அனுப்புகின்றது என்பதற்காக இரண்டு அரசுகள் கடிதம் எழுதிக்கொண்ட ஊர் இது. இன்று அதே ஊரில் ஒவ்வொரு கூரையின் கீழும் அனுமதிப்பத்திரம் இல்லாத ஆயிரக்கணக்கான குட்டி ஒலிபரப்பிகள் இரவும் பகலும் இயங்குகின்றன. அவற்றுக்காக ஒருவரும் ஒரு வரிகூட எழுதியதில்லை.

ஒலிபரப்பி என்று நான் மிகைப்படுத்தவில்லை. இதை எனக்கு விளக்கியவர் அயலில் வசிக்கும் ஒரு பெரியவர். வர்த்தகக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக உலகைச் சுற்றியவர். 1999 பெப்ரவரியில் கடல்சார் இடர் அழைப்பு முறை முற்றாகச் செய்மதிக்கும் தன்னியக்கத்துக்கும் மாறியபோது மோர்ஸ் தந்தியும் அவரது பதவியும் ஒருசேர ஓய்வுபெற்றன. நான் அவரை அண்ணை என்பேன்.

"தம்பி, மார்க்கோனி காலத்தில தீப்பொறியாலதான் செய்தி அனுப்பினவங்கள். மின்னைச் சட்டெண்டு வெட்டினால் அது கத்தும். உங்கட பல்பும் அதைத்தான் செய்யுது. ஒரு வினாடிக்கு அறுபதாயிரம் தரம் வெட்டுது" என்றார்.

விடயம் இதுதான். எல்.ஈ.டி. விளக்குக்கு நமது வீட்டு மின்சாரத்தை நேரே கொடுக்க முடியாது. 230 வோல்ற்று ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக மாற்றி, பின்னர் ஒரு மின்னணு ஆளி அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டித் தேவையான அளவுக்குக் குறைக்கின்றது. இந்த வேலையைச் செய்யும் சிறு பெட்டியைக் கடைக்காரர் ட்ரைவர் என்பார். வெட்டு எவ்வளவு கூர்மையாக இருக்கின்றதோ அவ்வளவு மின் மிச்சம், அவ்வளவு இரைச்சலும். வெட்டும் மீடிறன் 65 கிலோஹேட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சல் அந்த 65 இல் மட்டும் நின்றுவிடாது. அதன் மடங்குகளான 130, 195, 260 என்று ஏறிக்கொண்டே போகும். மத்திய அலை 531 இலிருந்து 1602 வரை. அதற்குள் 585 இல் தொடங்கி 1560 வரை பதினாறு மடங்குகள் விழுகின்றன. விளக்குச் சூடேறும்போது அம்மீடிறன் நகரும். மின்சாரத்தின் ஐம்பது சுற்று அதை மேலும் குழப்பும். ஆகவே பதினாறு கோடுகளாக இருக்க வேண்டியவை பதினாறு சேற்றுக் குட்டைகளாக விரிகின்றன. ஒரே கட்டடத்தில் பத்து விளக்குகள், பத்தும் சற்றே வேறுபட்ட மீடிறனில். வண்டு எங்கே திருப்பினாலும் ஏன் இருந்தது என்பது இப்போது விளங்கும்.

விளக்கு மிகச் சிறியது. தானாக அதனால் தொலைவுக்குக் கத்த இயலாது. அதற்கு நாமே அலைவாங்கி கட்டிக் கொடுத்திருக்கின்றோம். சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் ஓடும் வயர்களே அந்த அலைவாங்கி. இரைச்சல் விளக்கிலிருந்து வயருக்குப் பாய்ந்து, கட்டடம் முழுவதும் ஓடி, அங்கிருந்து காற்றில் பரவுகின்றது.

இதைத் தடுக்க வழி தெரியாமல் இல்லை. வழி மிகப் பழையது. குழல் விளக்குக்கு நாம் போடும் ஸ்ராட்டரை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே ஒரு சிறு கண்ணாடிக் குமிழும் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொள்ளளவியும் இருக்கும். விளக்கை எரியச் செய்வது கண்ணாடிக் குமிழ்தான். கொள்ளளவி அதிலே இருப்பதன் முக்கிய நோக்கம் அண்டைவீட்டு வானொலியைக் காப்பாற்றுவது. மலிவான ஒரு பொருளுக்குள் பிறத்தியாருக்காக ஓர் உறுப்பை வைக்க வேண்டும் என்ற நாகரிகம் அந்தக் காலத்து உற்பத்தியாளருக்கு இருந்தது. நாகரிகம் என்பதைவிடச் சட்டம் என்பது பொருத்தமாக இருக்கலாம். வானொலி இடையூறு பற்றிய சர்வதேச விசேட குழு, சிஸ்பர் என்று சுருக்கமாக அழைக்கப்படுவது, 1934 இலேயே பாரிசில் அமைக்கப்பட்டுவிட்டது. விளக்குகளுக்கென்றே அதன் பதினைந்தாம் இலக்கத் தராதரம் உண்டு. 9 கிலோஹேட்ஸிலிருந்து 30 மெகாஹேட்ஸ் வரை ஒரு விளக்கு மின்வயருக்குள் எவ்வளவு இரைச்சலைத் தள்ளலாம் என்று அது வரையறுக்கின்றது. காற்றில் பரவுவதற்கும் தனி வரையறைகள் உண்டு. அதற்குள் அடங்குவதற்கு ட்ரைவர் பெட்டியின் வாயிலில் ஒரு கொள்ளளவியும், ஒரே வளையத்தில் இரண்டு வயர்களும் சுற்றப்பட்ட ஒரு சுருளும் போதும்.

நிற்க. எங்கள் கட்டடத்துக்கு வருவோம்.

அண்ணையும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டட உரிமையாளரிடம் அனுமதி பெற்று, துப்பறியும் வேலையில் இறங்கினோம். உபகரணம் எனது ட்ரான்சிஸ்டரும் ஒரு குறிப்புப் புத்தகமும். முதலில் பிரதான ஆளியை நிறுத்தினோம். வானொலி தெளிந்தது. பின்னர் ஒவ்வொரு சுற்றாக ஏற்றினோம். கீழ்மாடி விளக்குகள் எரிந்தன, வண்டு வரவில்லை. எனது மாடி விளக்குகள் எரிந்தன. மிக மெல்லிய சீறல், அவ்வளவே. மாடிப்படிச் சுற்றை ஏற்றியதும் வண்டு பறந்து வந்தது. மொத்தம் 36 விளக்குகளில் குற்றவாளிகள் பதினொன்று. இடையில் இன்னொரு குற்றவாளியும் தற்செயலாக அகப்பட்டது: பக்கத்து அறை மின்விசிறியின் மின்னணு வேகக் கட்டுப்படுத்தி. அதன் குரல் வேறு, தகரத்தில் ஆணி இழுப்பது போல. விசிறியை முழு வேகத்தில் வைத்தால் அது ஏறக்குறைய அடங்கிவிடும். அலையைப் பாதியில் வெட்டும்போதுதான் அது கத்துகின்றது.

வானொலியே திசைகாட்டியாகவும் பயன்படும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ட்ரான்சிஸ்டரின் உள்ளே இருக்கும் கறுப்புக் கம்பி ஓர் இரைச்சல் மூலத்தை நேரே சுட்டும்போது அந்த இரைச்சல் குறையும். குறுக்காக நிற்கும்போது கூடும். சிறுவயதில் நிலையங்களைப் பிடிக்க வானொலியைத் தூக்கித் திருப்பிக் கொண்டிருந்தோமே, அதுவே இது.

பதினொன்றில் ஒன்றைக் கழற்றி ட்ரைவர் பெட்டியைத் திறந்தோம். நான் கண்டதை அப்படியே எழுதுகின்றேன். சுற்றுப் பலகையின் வாயிலில் வடிகட்டிச் சுருளுக்கென்று இடம் ஒதுக்கி, அதன் வட்டத்தையும் அச்சிட்டிருந்தார்கள். சுருள் இல்லை. அதன் துளைகளுக்கிடையே இரண்டு துண்டுக் கம்பிகளைப் பற்றவைத்து இணைத்திருந்தார்கள். அதற்கடுத்துக் கொள்ளளவிக்கும் இடமிருந்தது. அது வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. வடிவமைத்த பொறியியலாளருக்குத் தனது கடமை தெரிந்திருக்கின்றது. எங்கோ ஒரு தொழிற்சாலையில், எங்கோ ஒரு கணக்காளர், ஒரு பிளேன்ரீயின் விலையும் பெறாத இரண்டு உறுப்புகளைக் கழித்துவிட்டிருக்கின்றார். பரிசோதனைக்குப் போகும் மாதிரி ஒன்று, கொள்கலனில் வரும் சரக்கு வேறொன்று என்ற சந்தேகம் அந்தப் பலகையைப் பார்த்த எவருக்கும் வரும்.

ஒரு விடயத்தை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலிவான விளக்கு எல்லாம் இரைச்சல் தரும், விலை கூடியது தராது என்று வாசகர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். மிக மலிவான சில குமிழ்களில் வெட்டும் ஆளியே கிடையாது. ஒரு கொள்ளளவியைக் கொண்டு மின்னைக் குறைத்துக் கொள்கின்றன. அவை வானொலிக்குப் பரம சாது. ஆனால் அவற்றின் ஒளி நடுங்கும், ஆயுளும் அவ்வளவாக இல்லை. இரைச்சலை விலை கொண்டு அறிய முடியாது. பெட்டியில் எழுதியிருப்பதைக் கொண்டும் அறிய முடியாது. பெட்டியில் வாற் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் எரியும் என்று உண்டு. இரைச்சல் பற்றி எழுதிய பெட்டி ஒன்றையாவது திருகோணமலைக் கடைகளில் நான் கண்டதில்லை.

பரிகாரம் தேடினோம். கணினி வயர்களில் காணப்படும், கவ்விப் பூட்டும் கறுப்புப் பெரைட் குமிழை முதலில் முயன்றேன். மத்திய அலையில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணை சிரித்தார். அது மிக உயர்ந்த மீடிறனுக்கு உகந்தது. மத்திய அலைக்கு ஒரு தடவை வயரைக் கடத்தினால் போதாதாம். பெரிய பெரைட் வளையம் ஒன்றில் இரண்டு வயர்களையும் சேர்த்துப் பத்துச் சுற்றுச் சுற்றினோம். சுற்று இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும் என்பது அவர் சொன்ன கணக்கு. இரைச்சல் கணிசமாகக் குறைந்தது, ஒழியவில்லை. இறுதியில், வாயிலில் உண்மையாகவே வடிகட்டி உள்ள வேறு ட்ரைவர்களை வரவழைத்து, உலோகச் சட்டத்தைப் புவித்தொடுப்பில் இணைத்து, மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பூட்டிய பின்னரே வண்டு செத்தது. அவர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். இந்த வடிகட்டிகள் சிறிதளவு மின்னைப் புவிக்குக் கசியவிடும். நூற்றுக்கணக்கில் ஒரே சுற்றில் பூட்டினால் ட்ரிப் சுவிச் காரணமின்றி விழும். அப்படி விழுகின்றதென்று புவி வயரைக் கழற்றிவிடும் மேதாவிகள் நம் ஊரில் உண்டு. உயிரோடு விளையாட்டு அது.

கட்டட உரிமையாளர் முதலில் செலவை ஏற்க மறுத்தார். "வெளிச்சம் வருகுதுதானே?" என்பது அவரது வாதம். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. விளக்கு வாங்கியவர் வெளிச்சத்தைத்தான் கேட்பார். இரைச்சலைச் சுமப்பவர் வேறு ஆள். ஆற்றில் சாயக்கழிவு விடும் ஆலைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. பாதிச் செலவை நான் ஏற்றபின் அவர் இணங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதனை ஒரு கட்டுரையாக எழுதும் தேவை இருந்திராது. விளக்குகளை மாற்றிய பின்னரும் ஒரு மங்கலான புகைமூட்டம் மத்திய அலை முழுவதும் இருந்தது. வளிமண்டல இரைச்சல், மாரி மின்னல் என்று சமாதானம் செய்துகொண்டேன். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த சேட்டையால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. உலகமெங்கும் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வானொலியிடம் ஓடினேன். புகைமூட்டம் இல்லை. பட்டப்பகலில், நிலையங்களுக்கு இடையே, கிணற்றடி போன்ற ஓர் அமைதி. அதாவது மிஞ்சியிருந்த இரைச்சல் வானத்துக்குரியதன்று. அது ஊருக்குரியது: எதிர்க்கடை, பக்கத்து விடுதி, வீதி விளக்குகள், கூரைச் சூரியமின் பெட்டிகள். என் கட்டடத்தை நான் துப்புரவாக்கலாம். ஊரை நான் தனியே துப்புரவாக்க முடியாது.

"யார் ஐயா இப்ப மீடியம் வேவ் கேக்கினம்?" என்று ஓர் இளம் செய்தியாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றபோதே என் தலைமுறையின் பெரும்பகுதி வானொலியை மூடிவைத்துவிட்டது. உள்ளூர் ஒலிபரப்பு ஏறக்குறைய முழுவதும் எவ்.எம்.முக்குப் போய்விட்டது. என் ஏக்கத்துக்காக ஒரு சட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்க எனக்கும் கூச்சமாக இருக்கின்றது.

ஆனால் இது துறைமுக ஊர். இங்கே வானொலி என்றால் பாட்டு மட்டுமல்ல. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கரையோரக் காவற்படை கப்பல்காரர்களுக்கு ஒரு பாதுகாப்பு அறிவித்தல் விடுத்தது. பொருள்: எல்.ஈ.டி. விளக்குகள் கப்பல்களின் வி.எச்.எவ். வானொலியைச் செவிடாக்குகின்றன. ஒரு துறைமுகத்தில் கடல் மீட்பு இணைப்பு நிலையம் ஒரு கப்பலை அழைத்தும் தொடர்புகொள்ள முடியவில்லை. கப்பல்கள் தம்மைத் தாமே அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியின் வரவேற்பும் அதில் மிக மோசமாக இருந்தது. வேறு கப்பல்களிலும் இதே நிலை. அலைவாங்கிக்கு அருகில் பூட்டிய எல்.ஈ.டி. வழிகாட்டி விளக்குகளே காரணம் என்று கண்டார்கள். மற்றக் கப்பல் தன்னைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ஏற்றப்பட்ட விளக்கு, மற்றக் கப்பல் கூப்பிடுவதைக் கேட்கவிடாமல் செய்துவிட்டது. இடர் அழைப்புக்குரிய 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேட்ஸ், ஏ.ஐ.எஸ். 162 ஐ ஒட்டி. மலிவான ட்ரைவரின் இரைச்சல் அதுவரை ஏறும். இதில் கொடுமை என்னவெனில் இந்த இரைச்சல் எப்போதும் காதுக்குக் கேட்பதில்லை. வி.எச்.எவ். கருவியில் இரைச்சலை அடக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதைக் கூட்டி வைத்தால் கருவி அமைதியாக இருக்கும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய அழைப்பையும் சேர்த்து அது விழுங்கிவிடும்.

அந்த அறிவித்தலில் ஓர் எளிய பரிசோதனையும் சொல்லப்பட்டிருக்கின்றது. நமது படகுக்காரர்களுக்காக இங்கே தருகின்றேன். விளக்குகளை அணைத்துவிட்டு, பேச்சு இல்லாத ஓர் அலைவரிசையில் கருவியை வையுங்கள். அடக்கும் குமிழை இரைச்சல் கேட்கும்வரை தளர்த்தி, பின் அது நிற்கும் புள்ளிவரை மட்டும் இறுக்குங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மீண்டும் கேட்டால், விளக்கு உங்கள் வானொலியின் காதை அடைக்கின்றது என்று பொருள். விளக்கை மாற்றுங்கள், அல்லது அலைவாங்கியிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. கொட்பே துறைமுகத்தில் இதை ஒருவருக்குச் செய்து காட்டினேன். தன் படகில் இரவில் மட்டும் தொடர்பு மோசமாவதற்குக் கடலைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

இன்னொரு வாதமும் உண்டு. அதையும் நானே எடுத்து வைக்கின்றேன். புயல் வந்தால் மின்சாரம் போகும், மின்சாரம் போனால் இரைச்சலும் போகும், பிறகென்ன? 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரவி எங்கள் மாவட்டத்தின் குச்சவெளிக் கரையருகில் தரைதட்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாட்டையே புரட்டிப்போட்டது. பல இடங்களில் மின்சாரமும் கைபேசியும் இணையமும் ஒன்றாக அறுந்தன. அப்போதுதான் பற்றரி வானொலியின் அருமை பலருக்குப் புரிந்தது. உண்மைதான், இருட்டில் வானொலி தெளிவாகக் கேட்கும். ஆனால் எச்சரிக்கை என்பது புயலுக்கு முந்தி வருவது. விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போது வருவது. கடலில் நிற்பவனுக்கு எவ்.எம். அலை கரையோரத்தைத் தாண்டி அதிக தொலைவு எட்டாது. உப்புநீர் மேல் நெடுந்தூரம் வழுக்கிச் செல்லும் இயல்பு மத்திய அலைக்கே உண்டு. மின்சாரம் போனபின் எரியும் அவசர விளக்குகளிலும் அதே வெட்டும் ஆளிதான் பெரும்பாலும் இருக்கின்றது.

சட்டம் இல்லாத நாடல்ல இது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அலைவரிசைகளின் காவலனாக இருக்கின்றது. அனுமதியின்றி ஓர் ஒலிபரப்பியை இயக்கினால் வீடு தேடி வருவார்கள். கொள்கலன் கொள்கலனாக வந்திறங்கும் ஒலிபரப்பிகளை விளக்கு என்ற பெயரில் உள்ளே விடுகின்றோம். இறக்குமதியின்போது, கொண்டுவந்தவர் தரும் தாளைப் பார்ப்பதோடு நில்லாமல், சரக்கிலிருந்து பத்துப் பெட்டிகளை உருவித் திறந்து பார்க்க வேண்டும். சுருள் இருக்கின்றதா, துண்டுக் கம்பி இருக்கின்றதா என்று காண ஆய்வுகூடமும் தேவையில்லை, கண் போதும். அரச கட்டடங்களுக்கு, குறிப்பாக வைத்தியசாலை, துறைமுகம், அனர்த்த முகாமைத்துவ அலுவலகம் போன்றவற்றுக்கு விளக்கு வாங்கும் கேள்விப்பத்திரத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: பூட்டி முடித்தபின் உள்ளே ஒரு சாதாரண வானொலி கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கொடுப்பனவு இல்லை. இதனை எழுதும்போது பழைய இழைக்குமிழ் காலத்துக்குத் திரும்பச் சொல்கின்றேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 60 வாற் குடித்த இடத்தில் ஒன்பது வாற் போதும் என்பது எங்களைப் போன்ற ஏழை நாட்டுக்குச் சிறிய விடயமல்ல. ஒன்பது வாற்றும் வேண்டும், காதும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சென்ற மாதம் மூன்றாம் மாடிக்கு விளக்கு வாங்க வேண்டி வந்தது. இம்முறை உரிமையாளரே, "நீங்களும் வாங்கோ, உங்கட றேடியோவையும் கொண்டு வாங்கோ" என்று அழைத்தார். மத்திய வீதியில் ஒரு கடை. ஐந்து வகை விளக்குகளை ஒவ்வொன்றாக எரியவிட்டு, ட்ரான்சிஸ்டரை ஒரு முழத் தூரத்தில் பிடித்தேன். இரண்டு கத்தின, ஒன்று முனகியது, இரண்டு வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத இரண்டில் ஒன்று எல்லாவற்றிலும் விலை குறைந்தது. எரியும்போது கைபேசிக் கமெராவில் நடுங்கியதால் அதை விட்டு மற்றதை எடுத்தோம். கடைக்காரத் தம்பி இவ்வளவையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றுச்சீட்டை எழுதித் தந்தபின் கேட்டார்:

"ஐயா, அந்த றேடியோ எங்க வாங்கலாம்?"